ரிச் ஸ்ட்ரைக்கை ஏன் எழுதவில்லை?

வணக்கம் சார்,

அமெரிக்காவில் நடக்கும் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்துக்கு முந்தைய வாரம் நீங்கள் எழுதும் குதிரை அலசலை விடாமல் படிப்பவன் நான். 2022-இல் எபிசென்டர், ஸான்டன் என்று பத்தி பத்தியாக எழுதினீர்கள். ஜெயித்தது ரிச் ஸ்ட்ரைக். அந்தப் பெயரே உங்கள் கட்டுரையில் இல்லை. இவ்வளவு அலசி என்ன பிரயோஜனம்? பேசாமல் சீட்டுக் குலுக்கிப் போட்டுவிடலாமே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு இருக்கிறது. நான் எழுதிய அன்று ரிச் ஸ்ட்ரைக் களத்திலேயே இல்லை. டெர்பியில் இருபது குதிரைகளுக்குத்தான் இடம். வெள்ளிக்கிழமை காலை ஈதரியல் ரோடு என்ற குதிரை விலகியதால் ரிச் ஸ்ட்ரைக் கடைசி நேரத்தில் உள்ளே நுழைந்தது. மறுநாள் ஓட்டம், பந்தய விலை 80-க்கு 1, அதாவது ஒரு டாலர் கட்டி ஜெயித்தால் எண்பது டாலர் லாபம்.

ஆனால் முதலிலேயே பட்டியலில் இருந்திருந்தாலும் நான் ஒரு வரிக்கு மேல் எழுதியிருக்க மாட்டேன். 30,000 டாலருக்குக் கைமாறிய குதிரை அது. கிளெய்மிங் ரேஸ் என்பார்கள். அதில் ஓடும் குதிரையை அறிவித்த விலைக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வேடிக்கை என்னவென்றால், அந்த ரேஸை அது பதினேழு குதிரை நீளத்துக்கு மேல் ஜெயித்திருந்தது. அதுவும் டெர்பி ஓடும் அதே சர்ச்சில் டவுன்ஸ் தடத்தில்! விலையைப் பார்த்த கண் அதைப் பார்க்கவில்லை.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். இருபது குதிரைகளையும் தனித்தனியாக எடை போட்டேனே தவிர, அவை சேர்ந்து ஓடினால் ஓட்டம் எப்படிப் போகும் என்று யோசிக்கவில்லை. அன்று முதல் கால் மைல் 21.78 விநாடி. டெர்பியில் அதற்கு முன் அவ்வளவு வேகமாக யாரும் தொடங்கியதில்லை. அரை மைல் 45.36. மொத்தத் தூரமோ ஒன்றேகால் மைல். ஓடுவதெல்லாம் மூன்று வயதுக் குட்டிகள், பெரும்பாலானவை அதுவரை அந்தத் தூரம் ஓடியே பார்க்காதவை. முன்னால் பறந்த சம்மர் இஸ் டுமாரோ கடைசியாக வந்து சேர்ந்தது. பின்வரிசையில் மூச்சைச் சேமித்து வந்த ரிச் ஸ்ட்ரைக், கடைசி நேர்பாதையில் களைத்துப்போன மெஸ்ஸியர் என்ற குதிரையைச் சுற்றிக்கொண்டு, உள்வேலியை ஒட்டிக் கிடைத்த சந்தில் புகுந்தது. முக்கால் குதிரை நீளத்தில் வெற்றி. எபிசென்டர் இரண்டாவது, ஸான்டன் மூன்றாவது. அவ்வளவு மோசமாக ஒன்றும் நான் எழுதிவிடவில்லை!

சீட்டுக் குலுக்கல் என்கிறீர்கள். 2013 முதல் 2018 வரை ஆறு வருடமும் ஃபேவரிட்தான், அதாவது அதிகப் பணம் கட்டப்பட்ட குதிரைதான் ஜெயித்தது. அப்புறம் 2025 வரை ஒரு ஃபேவரிட்கூட ஜெயிக்கவில்லை. இரண்டையும் வைத்து விதி எழுதக் கிளம்பினால் ஜோசியத்தில்தான் போய் நிற்போம். இரண்டு வயதில் ஓடாத குதிரை டெர்பி ஜெயிக்காது என்று 1882-க்குப் பிறகு 136 வருடம் சொல்லிவந்தார்கள். நானும் சொன்னவன்தான். 2018-இல் ஜஸ்டிஃபை, 2023-இல் மேஜ், இரண்டும் அதை உடைத்தன. ஓட்டம் தொடங்கும் வரிசையில் 17-ஆம் எண் கேட்டிலிருந்து ஒரு குதிரையும் ஜெயித்ததில்லை என்பதும் 2025 வரை உண்மைதான், ஆனால் நான் அதைப் பொருட்படுத்துவதில்லை. முதல் கேட் விஷயம் வேறு. உள்ளோரம் நிற்பதை, மற்ற பத்தொன்பதும் வேலிப் பக்கம் சாய்ந்து நெருக்கும். 1986-இல் ஃபெர்டினாண்டுக்குப் பிறகு 2025 வரை அங்கிருந்து யாரும் ஜெயிக்கவில்லை. 2020-இல் புது கேட் வைத்து நெருக்கடியைக் கொஞ்சம் குறைத்தார்கள்.

எந்தக் கணக்குக்கும் அடங்காததும் உண்டு. 1973-இல் செக்ரடேரியட் என்ற குதிரை டெர்பிக்கு இரண்டு வாரம் முன்பு வுட் மெமோரியல் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தது. இவ்வளவு தூரம் தாங்குமா என்று பேசினார்கள். வாயில் கட்டி இருந்தது பிறகுதான் வெளியே தெரிந்தது. டெர்பியில் அது ஒவ்வொரு கால் மைலையும் முந்தையதைவிட வேகமாக ஓடியது: 25.2, 24, 23.8, 23.4, 23. கூட்டிப் பாருங்கள், இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. அந்தச் சாதனையை இன்னும் யாரும் தொடவில்லை.

மே முதல் சனிக்கிழமை ஓட்டம் பார்க்கும்போது, முதல் கால் மைல் நேரம் திரையில் வரும், கவனியுங்கள். 22 விநாடிக்குக் கீழே வந்தால் முன்னால் போகிறவற்றை விட்டுவிட்டுப் பின்வரிசையில் கண் வையுங்கள். 23-க்கு மேல் என்றால் முன்னால் இருப்பதைப் பிடிப்பது கஷ்டம்.