கேம் நடுவே வால்யூம் தானாக ஏறி இறங்கினால் எங்கே பார்ப்பது?

கேள்வி: யுஎஸ்பி ஹெட்செட் மாட்டி கேம் ஆடும்போது விண்டோஸ் கணினியின் சத்தம் தானாகக் குறைந்துவிடுகிறது. சில சமயம் திடீரென்று ஏறிக் காதைப் பிளக்கிறது. டிஸ்கார்ட் என்ற குரல் அரட்டைச் செயலியில் நண்பர்களோடு பேசும் நாட்களில் தொல்லை அதிகம். ஆடியோ டிரைவரை இரண்டு முறை மறுபடி இன்ஸ்டால் செய்தும் பலனில்லை. புது ஹெட்செட் வாங்க வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள், டிரைவரையும் விட்டுவிடுங்கள். அடுத்த முறை சத்தம் மாறும்போது ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள்: திரையில் விண்டோஸின் வால்யூம் பட்டை தோன்றி எண் நகர்கிறதா, இல்லை எண் அப்படியே இருக்கச் சத்தம் மட்டும் மாறுகிறதா? கேம் திரையை அடைத்துக்கொண்டிருந்தால் பட்டை கண்ணில் படாமல் போகலாம், அதனால் விண்டோ மோடில் ஆடிப் பாருங்கள்.

எண் நகரவில்லை என்றால் ஹெட்செட்டைச் சந்தேகிக்கும் முன் விண்டோஸைத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் குரல் அழைப்பில் இருப்பதாகத் தெரிந்தால் மற்ற சத்தங்களை 80 சதவீதம் குறைக்கும் ஏற்பாடு விண்டோஸ் 7 காலத்திலிருந்தே இருக்கிறது, நீங்கள் மாற்றாதவரை அது வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அழைப்பில் சேர்ந்ததும் கேம் சத்தம் அமுங்குகிறது, நீங்களும் ஏதோ கோளாறு என்று வால்யூமைக் கூட்டிவைக்கிறீர்கள். அப்புறம் அழைப்பு முடிந்ததும் விண்டோஸ் தான் குறைத்ததைத் திருப்பிக் கொடுக்கிறது, நீங்கள் கூட்டியதும் சேர்ந்துகொள்ள, காதில் இடி விழுந்த மாதிரி இருக்கிறது. நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லையும் இந்த ஒன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு.

சரிசெய்ய, செட்டிங்ஸில் சிஸ்டம், சவுண்ட் என்று போய்க் கீழே மோர் சவுண்ட் செட்டிங்ஸைத் திறந்தால் கம்யூனிகேஷன்ஸ் என்று ஒரு தாவல் வரும். அதில் டூ நத்திங் என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். பிறகு டிஸ்கார்டின் வாய்ஸ் அமைப்புகளில் அட்டென்யுவேஷன் என்ற பட்டையைப் பூஜ்ஜியத்துக்கு இழுங்கள். இது தனி ஏற்பாடு, மற்றவர்கள் பேசும்போது டிஸ்கார்டே மற்ற புரோகிராம்களின் சத்தத்தைக் குறைப்பதற்கானது. பலர் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுப் பலனில்லை என்று விட்டுவிடுகிறார்கள், இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

எண் நகர்கிறது என்றால் கதை வேறு. யாரோ வால்யூம் பட்டனை அழுத்துவதாக விண்டோஸ் நினைக்கிறது. யுஎஸ்பி ஹெட்செட்டில் இருக்கும் வால்யூம் சக்கரம் பெரும்பாலும் சத்தத்தை நேரடியாகக் குறைப்பதில்லை, விசைப்பலகையின் வால்யூம் விசை போலக் கணினிக்குக் கட்டளைதான் அனுப்புகிறது. சக்கரத்துக்குள் தூசி சேர்ந்தாலோ உள்ளே தேய்ந்துபோனாலோ தொடாமலே கட்டளை போகும், எண் இரண்டிரண்டாக ஏறும் அல்லது இறங்கும். ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் கொஞ்ச நேரம் ஆடிப் பாருங்கள். அப்போதும் நகர்ந்தால் விசைப்பலகையில் ஏதோ விசை சிக்கியிருக்கலாம், விசைப்பலகையையும் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சக்கரம்தான் காரணம் என்றால் அதைச் செயலிழக்க வைக்கலாம். கணினியில் இணைந்த கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ் பகுதியை விரித்தால் எச்ஐடி கம்ப்ளையன்ட் கன்ஸ்யூமர் கன்ட்ரோல் டிவைஸ் என்ற பெயரில் ஒன்றோ இரண்டோ இருக்கும். ஹெட்செட்டைப் பிடுங்கியதும் எது மறைகிறதோ அதுதான் ஹெட்செட்டுடையது, திரும்பச் செருகி அதை மட்டும் டிசேபிள் செய்யுங்கள். மாற்றி இன்னொன்றைச் செய்துவிட்டால் விசைப்பலகையின் வால்யூம் விசைகள் நின்றுபோகும், பதற்றம் வேண்டாம், எனேபிள் கொடுத்தால் திரும்பிவிடும். இனிச் சக்கரம் வேலை செய்யாது, ஆனால் சத்தமும் பாகனில்லா யானை மாதிரி ஓடாது.

3.5 மில்லிமீட்டர் வயர் ஹெட்செட் என்றால் சக்கரம் சத்தத்தை நேரடியாகவே மாற்றுகிறது, எண் நகராது. சுழற்றும்போது கரகரவென்று கேட்டாலோ ஒரு காது மட்டும் மங்கினாலோ கோளாறு அங்கேதான். புளூடூத் ஹெட்செட்டில் மைக் திறந்ததும் சத்தம் குறைந்து தொலைபேசியில் கேட்பது போல ஒலித்தால் அது அழைப்பு முறைக்கு மாறிவிட்டது. கேமிலும் டிஸ்கார்டிலும் வேறு மைக்கைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

காரணம் தெரியும்வரை காதைக் காப்பாற்றுங்கள்: கேமின் உள்ளே இருக்கும் மாஸ்டர் வால்யூமைப் பாதிக்கு இறக்கி வைத்தால் விண்டோஸ் எண் 100க்கு ஏறினாலும் அடி அவ்வளவு பலமாக விழாது. இத்தனையும் செய்து, வேறொரு கணினியில் செருகியும் எண் தானாக ஓடினால் அப்போது புது ஹெட்செட் பாருங்கள்.