காதல் நாவல் படித்தால் மாப்பிள்ளை பிடிக்காமல் போகுமா?

நீங்கள் கேட்டது இது: "என் தங்கைக்கு 27 வயது. எந்நேரமும் காதல் நாவல்தான். வருகிற மாப்பிள்ளையை எல்லாம் வேண்டாம் என்கிறாள். நாவல்தான் அவளைக் கெடுத்துவிட்டதா?"

நான் பினாங்குக்காரி. பள்ளிக்கூட நாளிலேயே பிடித்த பைத்தியம் இது. லிட்டில் இந்தியா கடைகளில் மாத நாவல், சௌரஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய மில்ஸ் அண்ட் பூன் ஆங்கிலக் காதல் நாவல், இப்போது கைப்பேசியில் தொடர்கதை. உங்கள் புகாரை என் அம்மா வாயாலேயே கேட்டு வளர்ந்தவள்.

நாவல் படிக்கிறவள் ஆறடி உயரக் கோடீஸ்வரனுக்காகக் காத்திருக்கிறாள் என்பது நாவல் படிக்காதவர்கள் கட்டிய கதை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து வருகிறவளுக்கு பங்களாவும் வெளிநாட்டுக் காரும் சும்மா என்று தெரியாதா? ஒப்பந்தக் கல்யாணக் கதைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் பிரிந்துவிடலாம் என்று கையெழுத்துப் போடுவார்கள். நம் மலேசியாவில், முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டப்படி, கல்யாணமாகி இரண்டு வருஷம் முடியாமல் மனுவே போட முடியாது; விதிவிலக்கான சூழ்நிலை அல்லது கஷ்டம் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டால்தான் உண்டு. தெரிந்தேதான் ரசிக்கிறோம்.

என் பயம் வேறு. நாயகன் கத்துவான், சந்தேகப்படுவான், கையைப் பிடித்து முறுக்குவான். நாலு அத்தியாயம் தள்ளி ஆசிரியர் அவன் மனசைத் திறந்து காட்டுவார்: சின்ன வயதில் யாரோ ஏமாற்றிவிட்டார்கள், அதனால்தான் இப்படி, உள்ளே இவள்மேல் உயிரையே வைத்திருக்கிறான். ஜேனிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர் காதல் நாவல் வாசகிகளிடம் பேசி 1984-இல் ஒரு நூல் எழுதினார். முதலில் வந்த முரட்டுத்தனத்தை, பழைய காயம், மறைத்த அன்பு என்று கதை பின்னால் திருப்பி வாசிக்க வைக்கிறது என்று அதில் காட்டியிருக்கிறார். நிஜ வாழ்க்கையில் அந்த அத்தியாயம் வராது. கத்துகிறவன் மனசில் என்ன இருக்கிறது என்று நாமே எழுதிக்கொள்கிறோம், நல்லதாகவே எழுதிக்கொள்கிறோம். காதலன் தன் கைப்பேசியைப் பிடுங்கிப் பார்ப்பதை, "அவ்வளவு பாசம்டி என்மேல" என்று சொன்ன தோழி எனக்கு உண்டு. இப்போது இணையத்தில் 'ஆன்டி ஹீரோ' கதை என்று தனி வகையே ஓடுகிறது. அந்த நாயகனை இங்கே நிஜமாகக் கட்டிக்கொண்டால் 15999, 'தாலியான் காசே' (Talian Kasih) என்ற அரசாங்க உதவித் தொலைபேசி எண்தான் கைகொடுக்கும்.

அதே நாவலில் இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. கடைசியில் அவன் மன்னிப்புக் கேட்பான். "சரி விடு" என்று மழுப்பாமல், தான் செய்தது என்னவென்று சொல்லிக் கேட்பான். தோட்டத்தில் வாழ்ந்த என் பாட்டியிடம் தாத்தா ஒரு நாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று பாட்டிக்கும் தோன்றியதில்லை. எனக்குத் தோன்றியது, அதற்கு நாவல்தான் காரணம். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரிடம் கேட்டே வாங்கியிருக்கிறேன்; இப்போது அவராகவே சொல்கிறார். ராட்வே சந்தித்த பெண்களும் நாயகன் கனிவாகக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டார்கள். அந்த எதிர்பார்ப்பு கூடிப்போனால் எனக்கு வருத்தமில்லை. (கார் தவணையை யார் கட்டுவது, மாமியார் வீட்டில் எத்தனை நாள் என்பதையும் நாவல்கள் கொஞ்சம் எழுதினால் நன்றாக இருக்கும். அது வேறு கதை.)

ஆகவே தங்கையின் கைப்பேசியை விட்டுவிடுங்கள். ஒவ்வொருவரையும் ஏன் வேண்டாம் என்றாள் என்று கேளுங்கள். "பார்த்ததும் மனசுக்குள் ஒன்றும் ஆகவில்லை" என்றால், இன்னும் இரண்டு முறை வெளியே சந்தித்துப் பேசச் சொல்லுங்கள். முதல் பார்வையிலேயே எல்லாம் ஆகிவிடுவது நாவல் வேலை. "ஒரு மணி நேரம் தன் சம்பளத்தையும் புதுக் காரையும் பற்றியே பேசினார், என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை" என்றால் அவள் சரியாகத்தான் பார்க்கிறாள்.

அப்புறம், அந்த மாப்பிள்ளைகளைத் தேடிப்பிடித்தது யார் என்றும் ஒரு தடவை விசாரியுங்கள்.