பயண நூல்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

பயண நூல்களைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். காரைக்குடியில் பழைய புத்தக வியாபாரம் பார்த்த ஆளாச்சே, தெரிந்திருக்கும் என்று நம்பி நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். விசா, விமான டிக்கெட், எந்த ஓட்டல் மலிவு என்று கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அந்தப் பக்கம் எனக்கு ஒன்றும் தெரியாது.

தேவகோட்டை, கல்லூரி மாணவர்: அண்ணே, பயண நூல் என்று ஒன்றுகூடப் படித்ததில்லை. எதில் ஆரம்பிக்கலாம்?

தேவகோட்டையில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா தம்பி? பக்கத்தில் கோட்டையூரில் 1911-ல் பிறந்தவர் ஏ.கே. செட்டியார். அவரிடம்தான் ஆரம்பிக்க வேண்டும். ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார், அப்புறம் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் போய்ப் புகைப்படக் கலை படித்தார். 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது காந்தியைப் பற்றி ஒரு முழுநீளப் படம் எடுத்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. தோன்றுவது யாருக்கும் தோன்றும். இவர் அதற்காக உலகம் முழுக்க லட்சம் மைல் அலைந்தார், யார் யாரோ எப்போதோ எடுத்து எங்கெங்கோ போட்டு வைத்திருந்த பிலிம் துண்டுகளைத் தேடிப் பிடித்து 1940-ல் படத்தை வெளியிட்டும் விட்டார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்தக் கதைதான் 'அண்ணல் அடிச்சுவட்டில்'. முதலில் அதைப் படியுங்கள், பிறகு 'உலகம் சுற்றும் தமிழன்'.

அவரிடம் எனக்குப் பிடித்தது, தன்னைப் பற்றி அநேகமாகப் பேசவே மாட்டார். சின்னச் சின்ன வாக்கியம், ஓரத்தில் லேசாக ஒரு கிண்டல், அவ்வளவுதான். இன்றைக்கு ஆயிரம் செல்ஃபி போடுகிறவர்கள் அவரிடம் ஒரு மாசம் பாடம் கேட்கலாம்.

கானாடுகாத்தான், வாசகி: ஐயா, பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டைத் திறந்து சுத்தம் செய்தபோது ஒரு டிரங்குப் பெட்டியில் எங்கள் ஐயா எழுதிய நோட்டு கிடைத்தது. பினாங்கு, கப்பல் என்றெல்லாம் இருக்கிறது, பாதி பூச்சி அரித்துவிட்டது. என்ன செய்வது?

ஆச்சி, முதலில் அதைப் பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். முனீஸ்வரன் கோயில் தெருவில் பெல்ஜியம் கண்ணாடிக்குக் கிடைக்கிற மரியாதை காகிதத்துக்குக் கிடைக்காது. செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் வேண்டவே வேண்டாம், வெயிலில் உலர்த்தவும் கூடாது. முற்றத்து ஓரம் நிழல் வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் எடுங்கள், பிளாஷ் இல்லாமல். வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள், அட்டையின் உள்பக்கத்தில்தான் பல பேர் முக்கியமான முகவரியை எழுதி வைத்திருப்பார்கள்.

தேதி புரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அது தமிழ் வருஷக் கணக்கு. 'விஷு வருஷம் மார்கழி' என்று இருந்தால் 1941 டிசம்பர் நடுவிலிருந்து 1942 ஜனவரி நடு வரை, அதாவது ரங்கூனில் ஜப்பான்காரர்கள் போட்ட முதல் குண்டு விழுந்த மாசம். 'ஈசுவர' என்றால் 1937-38. இப்படி ஒரு பட்டியல் போட்டுக்கொண்டால் நோட்டு தானாகப் பேச ஆரம்பிக்கும். கப்பல் பெயர் ராஜுலா என்று இருக்கிறதா பாருங்கள், 1926-ல் கட்டிய அந்தக் கப்பல் எழுபதுகளின் ஆரம்பம் வரை நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாக ஓடியது, நம் பக்கத்துப் பெரியவர்கள் பாதிப் பேர் அதில் ஏறியவர்கள்தான்.

அசலை என்ன செய்வது என்பதற்கும் கோட்டையூரிலேயே முன்மாதிரி இருக்கிறது. ரோஜா முத்தையா செட்டியார் ஆயுசு முழுக்கச் சேர்த்த புத்தகமும் துண்டுப் பிரசுரமும் கல்யாணப் பத்திரிகையும், 1992-ல் அவர் காலமான பிறகு, சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக ஆனது. அங்கே ஒருமுறை கேட்டுப் பாருங்கள், இந்த மாதிரிக் காகிதத்தைப் பாதுகாக்கத் தெரிந்தவர்கள்.

கண்டனூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: பர்மாவிலிருந்து நடந்தே வந்த கதையை என் அப்பச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதைப் பற்றிப் புத்தகம் உண்டா?

உண்டு சார். வெ. சாமிநாத சர்மாவின் 'எனது பர்மா வழி நடைப்பயணம்'. சர்மா அப்போது ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தார். பிளேட்டோவையும் கார்ல் மார்க்ஸையும் தமிழில் தந்த மனிதர், உடம்பால் சாகசக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குண்டு விழுந்ததும் மனைவியோடு கிளம்பி, வடக்கே போய், மலையும் காடும் தாண்டி மணிப்பூர்ப் பக்கமாக இந்தியாவுக்குள் வந்து சேர்ந்தார். வழியில் காலரா, தண்ணீர்ப் பஞ்சம், வெள்ளைக்காரனுக்கு ஒரு பாதை நமக்கு ஒரு பாதை என்கிற பாகுபாடு, எல்லாம் இருக்கிறது. ஆனால் மனிதர் குரலை உயர்த்துவதே இல்லை. ஆசைப்பட்டுப் போன பயணத்தைப் பற்றி ஆயிரம் புத்தகம் கிடைக்கும், வேறு வழியில்லாமல் போன பயணத்தை இவ்வளவு நிதானமாக எழுதியது அபூர்வம். சர்மாவின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை, அதனால் தேடினால் கிடைத்துவிடும்.

அதை முடித்ததும் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை எடுங்கள். அது நாவல்தான், பயண நூல் என்று கடையில் வைக்க மாட்டார்கள். ஆனால் சிங்கம்புணரிக்காரரான சிங்காரம் இந்தோனேசியாவின் மெடானில் வேலை பார்த்தவர், வட்டிக்கடையும் அங்கே வேலை பார்க்கிற அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் மதுரைத் தெருவும் மாறி மாறி வரும். கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்யப் போனவர்களின் உலகம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. முதல் முப்பது பக்கம் கொஞ்சம் திணறும், விட்டுவிடாதீர்கள்.

காரைக்குடி, வீட்டிலிருந்தே கணினி வேலை பார்ப்பவர்: ஆங்கிலத்தில் படிப்பேன். உண்மையான சாகசம் வேண்டும், சும்மா காபி குடித்துக்கொண்டு சூரிய அஸ்தமனம் பார்க்கிற வகை வேண்டாம்.

அப்படியானால் உங்களுக்கு ஆப்ஸ்லி செர்ரி-கரார்டு. புத்தகம் 'தி வொர்ஸ்ட் ஜர்னி இன் தி வேர்ல்ட்', 1922-ல் வந்தது. ஸ்காட் என்ற ஆங்கிலேயர் தென்துருவத்துக்குப் போன குழுவில் இவரும் ஒருவர், ஆனால் தலைப்பில் சொல்லும் படுமோசமான பயணம் தென்துருவப் பயணம் இல்லை. அதற்கு முன்னால் 1911-ல், அண்டார்க்டிகாவின் நடுக்குளிர்காலத்தில், நாள் முழுக்க இருட்டாக இருக்கிற மாசத்தில், மூன்று பேர் பனிச்சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு ஐந்து வாரம் போய்வந்தார்கள். எதற்கு? எம்பரர் பெங்குவின் முட்டைக்கு! அதில் இருக்கும் கருவைப் பார்த்தால் பறவை எதிலிருந்து வந்தது என்று தெரியும் என்று அன்றைக்கு நம்பினார்கள்.

குளிர் மைனஸ் 60 டிகிரி வரை இறங்கியது. ஒரு காலையில் கூடாரத்திலிருந்து வெளியே வந்த செர்ரி, சுற்றிப் பார்க்கலாம் என்று தலையைத் தூக்கினார். அந்தப் பத்துப் பதினைந்து விநாடிக்குள் உடுப்பு அப்படியே கல்லாக உறைந்துவிட்டது, தலையைக் குனிய முடியவில்லை. நாலு மணி நேரம் அண்ணாந்த மேனிக்கே வண்டி இழுத்தார். அதன் பிறகு, வண்டி இழுக்கத் தோதாகக் குனிந்து நின்றுகொண்டுதான் உறைய விடுவார்களாம். பல் கிட்டிக் கிட்டியே பல் உடைந்தது. புயலில் கூடாரம் பறந்து போய், இனி சாவுதான் என்று பனிக்குள் படுத்துக் கிடந்தவர்களுக்கு அரை மைல் தள்ளி அது திரும்பக் கிடைத்தது. கூடப் போன வில்சனும் பவர்ஸும் மறு வருஷம் ஸ்காட்டோடு செத்துப் போனார்கள். மிஞ்சின செர்ரி, மூன்று முட்டையையும் லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனால் அங்கே ஏனோதானோ என்று வாங்கி வைத்தார்கள். அந்தக் கோபத்தையும் எழுதியிருக்கிறார். அக்னி நட்சத்திரத்தில் பட்டாலையில் படுத்துக்கொண்டு படிக்க இதைவிடப் பொருத்தமான புத்தகம் எனக்குத் தெரியாது.

பெரிய புத்தகம், அவ்வளவு பொறுமை இல்லை என்றால் விக்ரம் சேத்தின் 'ஃப்ரம் ஹெவன் லேக்'. 1981-ல் சீனாவில் மாணவராக இருந்தவர், விமானத்தில் வராமல் லாரியில் தொற்றிக்கொண்டு திபெத், நேபாளம் வழியாக டெல்லி வீட்டுக்கு வந்த கதை. ஆங்கிலமும் சுலபம்.

பள்ளத்தூர், வாசகி: எல்லாம் ஆம்பிளைகள் எழுதியதாகவே சொல்கிறீர்களே. மாமியாரைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு இருப்பதால் ஊரை விட்டு நகர முடியாத எனக்கு ஏதாவது சொல்லுங்கள்.

ஆச்சி, உங்களுக்கென்றே ஒருவர் இருக்கிறார். அயர்லாந்துக்காரர் டெர்வ்லா மர்ஃபி. பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு சைக்கிளும் ஒரு உலகப்பட நூலும் கிடைத்தன, அன்றைக்கே இந்தியாவுக்குச் சைக்கிளில் போவது என்று முடிவு செய்துவிட்டார். ஆனால் அம்மாவுக்கு மூட்டுவாதம், படுக்கை. பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டார், அம்மா காலமாகும் வரை. கிளம்பியது 1963 ஜனவரியில், முப்பத்தொரு வயதில், ஐரோப்பாவே உறைந்து கிடந்த குளிரில். துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் என்று மிதித்து டெல்லி வந்து சேர்ந்தார். கையில் ஒரு சின்னத் துப்பாக்கி வேறு, யூகோஸ்லாவியாவில் ஓநாய் பாய்ந்தபோது அது உதவியது. புத்தகம் 'ஃபுல் டில்ட்'. இருபது வருஷம் காத்திருந்தவர் என்பதால் கண்ணில் பட்ட எதையும் வீணாக்கவில்லை, அதுதான் அந்த எழுத்தின் ருசி.

பிறகு ஐந்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு நம் தென்னிந்தியாவுக்கே வந்து குடகைப் பற்றியும் எழுதினார், 'ஆன் எ ஷூஸ்ட்ரிங் டு கூர்க்'. ஏ.கே. செட்டியாரும் 'குடகு' என்று ஒரு புத்தகம் போட்டிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், ஒரே ஊரை இரண்டு பேர் எவ்வளவு வேறாகப் பார்த்திருக்கிறார்கள் என்று தெரியும்.

வயசாகிவிட்டதே என்று தோன்றினால் அலெக்சாண்ட்ரா டேவிட்-நீலைத் தேடுங்கள். வெளியார் நுழையக்கூடாத திபெத்தின் லாசாவுக்குள் 1924-ல், ஐம்பத்தைந்து வயதில், முகத்தில் கரி பூசி, தலைமயிருக்கு மை தடவி, பிச்சைக்காரி வேஷத்தில் நடந்தே போனவர்.

புதுக்கோட்டை, பெயர் வேண்டாம் என்றவர்: யூடியூபில் எல்லா நாடும் ஓசியில் தெரிகிறது. புத்தகம் எதற்கு?

யூடியூபில் 1942-ன் பர்மாக் காடு வருமா? வந்தால் சொல்லுங்கள், நானும் பார்க்கிறேன்.

குன்றக்குடி, ஒரு தாய்: பன்னிரண்டு வயது மகன். போனை விட்டு எழுப்ப ஏதாவது?

ஜூல் வெர்னின் '80 நாளில் உலகம்' கதையைத் தமிழில் வாங்கிக் கொடுங்கள், கூடவே சுவரில் ஒரு உலகப் படம் மாட்டுங்கள். அத்தியாயத்துக்கு ஒரு குண்டூசி. பம்பாயிலிருந்து கல்கத்தாவுக்கு ரயிலில் வரும் இடத்தில் பையன் நிமிர்ந்து உட்காருவான். கதை முடிந்ததும், நெல்லி பிளை என்ற பெண் பத்திரிகையாளர் 1889-ல் நிஜமாகவே கிளம்பி 72 நாளில் சுற்றி வந்துவிட்டார் என்று சொல்லுங்கள். சொல்கிற நேரம் முக்கியம், முன்னாலேயே சொல்லிவிட்டால் கதை கெட்டுவிடும்.

திருப்பத்தூர், இளைஞர்: தனியாக ஊர் சுற்ற வேண்டும் என்றால் வீட்டில் விட மாட்டேன் என்கிறார்கள். அவர்களைச் சம்மதிக்க வைக்கிற மாதிரி ஒரு புத்தகம்?

இந்தி எழுத்தாளர் ராகுல சாங்கிருத்யாயனின் 'ஊர்சுற்றிப் புராணம்'. ஊர் சுற்றுவதுதான் உலகத்திலேயே மேலான காரியம் என்று அடித்துப் பேசுகிற புத்தகம். சும்மா பேசிவிட்டுப் போனவரும் இல்லை, திபெத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் ஓலைச்சுவடிகளையும் ஓவியங்களையும் தேடிக் கொண்டுவந்தவர். ஆனால் ஒரு எச்சரிக்கை தம்பி, அவர் சின்ன வயதிலேயே வீட்டை விட்டு ஓடிப்போனவர். இதை உங்கள் அப்பா கையில் கொடுத்தால் காரியம் கெட்டுவிடும். நீங்கள் படித்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு ஏ.கே. செட்டியார் போதும்.

பலர்: இதெல்லாம் எங்கே கிடைக்கும்?

ஏ.கே. செட்டியாரின் பல நூல்களைச் சந்தியா பதிப்பகம் போட்டது, 'அண்ணல் அடிச்சுவட்டில்' காலச்சுவடு. பழைய பதிப்புகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைப் பாருங்கள், காசு இல்லை. என்னிடம் இரவல் கேட்ட நாலு பேருக்கும் ஒரே பதில்: வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து படிக்கலாம், காபி உண்டு, புத்தகம் வாசலைத் தாண்டாது.

புதுவயல், வாசகர்: காசிக்குப் போய் நகரத்தார் நடத்தும் நகரச் சத்திரத்தில் தங்கி வந்தேன். எழுத ஆசை, ஆனால் எழுதினால் கோயில் தல வரலாறு மாதிரி ஆகிவிடுகிறது.

தல வரலாற்றை வெட்டி எறியுங்கள், அது எல்லோரிடமும் இருக்கிறது. 1813-லிருந்து இருக்கிற சத்திரம் அது, அங்கிருந்து தினமும் விசுவநாதர் பூஜைக்குச் சாமான் 'சம்போ, சம்போ' என்று சொல்லிக்கொண்டே போகிறதே, அதன் பின்னால் நடந்தீர்களா? அந்தச் சந்தில் யார் வழிவிட்டார்கள், யார் விடவில்லை, மாடு என்ன செய்தது, தூக்கிப் போனவருக்கு எந்த ஊர், காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார், இதை எழுதுங்கள். சாப்பாட்டில் என்ன போட்டார்கள், ரிக்‌ஷாக்காரர் எவ்வளவு கேட்டார், நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள், எல்லாம் வேண்டும். ஐம்பது வருஷம் கழித்துப் படிக்கிறவனுக்கு அந்த ரூபாய்க் கணக்குதான் தங்கம்.

சென்னையிலிருந்து 1830-ல் காசிக்குக் கிளம்பிய ஏனுகுல வீராசாமி, தெலுங்கில் எழுதிய 'காசி யாத்திரை'யை ஒரு நண்பருக்குக் கடிதங்களாகத்தான் எழுதினார். வழி, ஆறு, சத்திரம், என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது, எல்லாம் அதில் உண்டு. நீங்களும் அப்படி ஒரு ஆளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், காசிக்குப் போகாத உங்கள் அக்காவோ மச்சானோ, அவருக்கு எழுதுகிற மாதிரி எழுதினால் தல வரலாறு தானாக ஓடிவிடும். முதல் பத்துப் பக்கம் ஆனதும் எனக்கு அனுப்புங்கள். ரயில் டிக்கெட்டையும் சத்திரத்து ரசீதையும் இதற்குள் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்களே?