அடி வாங்கிட்டே ஜெபிக்கணுமா அக்கா?

அக்கா, ஸ்தோத்திரம். தூத்துக்குடி பக்கம் எங்க ஊரு. பாப்பா பொறந்ததுல இருந்தே வீட்டுக்காரர் குடிச்சா அடிப்பாரு, இப்ப குடிக்காமலும் அடிக்காரு, போன வாரம் கழுத்த நெரிச்சு சுவத்தோட அழுத்திட்டாரு, கண்ணெல்லாம் இருட்டிக்கிட்டு வந்துருச்சு. பாஸ்டர்ட்ட சொன்னா, மறு கன்னத்தையும் காட்டுன்னு ஆண்டவரே சொல்லிருக்காரும்மா, உபவாசம் இரு, உன் பொறுமைய பாத்து அவரு ரட்சிக்கப்படுவாருன்னாரு. இருந்தேன். இப்ப முழங்கால் போட்டா வார்த்தையே வரமாட்டேங்குது. பொண்ணு ரெண்டாங்கிளாஸ், அப்பா பெல்ட்ட அரிசி டின்னுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கா, அரிசி அள்ளும்போது கையில தட்டுப்பட்டுச்சு. யாருக்காவது போன் பண்ணி சொல்லிரலாம்னு இருக்கு, சொன்னா விசுவாசத்த விட்டுட்டேன்னு ஆயிடுமா?

தங்கச்சி, வசனமெல்லாம் அப்புறம், மொதல்ல கழுத்து. நெரிச்சதுல வெளிய தடமே இல்லாம உள்ள ரத்தக்குழாய் அடிபட்டிருக்கலாம், நாள் கழிச்சுகூட பிரச்சனை வரும். இன்னைக்கே கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு போ. வழுக்கி விழுந்தேன்னு சொல்லாத, புருஷன் நெரிச்சாருன்னே சொல்லு, ஏ.ஆர்.ல, அதான் ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டுல, அப்படியே எழுதச் சொல்லு. இன்னொன்னு, ஒருதடவ கழுத்துல கை வச்சவன் கையால அந்தப் பொண்ணு சாகுற ஆபத்து பல மடங்கு கூடுது, ஆய்வு பண்ணவங்க திரும்பத் திரும்ப சொல்றது இது. உன்ன பயமுறுத்த சொல்லல, பொறுத்துப் பாக்கலாம்ங்கிற கட்டம் தாண்டிருச்சு.

பாஸ்டர் மேல கோவப்படாம எழுதணும்னுதான் பாக்கேன். மறு கன்னம் சொன்ன அதே இயேசு, பிரதான ஆசாரியன் வீட்டுல சேவகன் ஒருத்தன் அறைஞ்சப்போ பேசாம நிக்கல, என்னை ஏன் அடிக்கிறாய்னு நேராவே கேட்டாரு (யோவான் 18:23). மனைவிகளே கீழ்ப்படியுங்கள்னு பேதுரு எழுதினத (1 பேதுரு 3) சபையில எத்தன தடவ கேட்டிருப்ப, அதே அதிகாரம் ஏழாம் வசனத்துல புருஷன் மனைவிய கனம்பண்ணணும், இல்லன்னா அவன் ஜெபத்துக்குத் தடைன்னு இருக்கு, அத எவ்வளவு பேரு பிரசங்கம் பண்ணி கேட்டிருக்க?

விசுவாசத்த விட்டதா ஆயிடுமான்னு கேட்டியே, 59ஆம் சங்கீதம் தலைப்பப் பாரு. தாவீத கொல்ல சவுல் ஆள் அனுப்பி வீட்ட காவல் பண்ணின சமயத்து ஜெபம் அது. என்னைத் தப்புவியும்னு கெஞ்சுறாரு, அதே ராத்திரி அவரு மனைவி, சவுல் மக மீகாள் ஜன்னல் வழியா இறக்கிவிட ஓடியும் போறாரு. அடிக்க வந்தது ராஜா, அதுலயும் சொந்த மாமனாரு. ஓடினதுக்காக தாவீத யாரும் அவிசுவாசின்னு சொல்லலையே.

அதனால 181க்கு கூப்பிடு, பெண்களுக்கான ஹெல்ப்லைன், ராத்திரியும் எடுப்பாங்க. அவரு வீட்டுல இல்லாதப்ப பேசு, பேசிட்டு கால் லிஸ்ட்ல இருந்து அழிச்சிரு. கை ஓங்குற நேரம்னா 112. 2005 குடும்ப வன்முறை சட்டத்துல உனக்கு அந்த வீட்டுல இருக்கவே உரிமை உண்டு, வீடு அவரு பேர்ல இருந்தாலும்தான். மாவட்ட சமூக நலத்துறையில பாதுகாப்பு அலுவலர் இருப்பாங்க, வக்கீல் இல்லாமலே அவங்ககிட்ட மனு குடுக்கலாம். ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், பாப்பா பிறப்புச் சான்றிதழ் எல்லாம் நம்பிக்கையான ஒரு வீட்டுல முன்னாடியே குடுத்து வை. வெளிய போறேன்னு அவருட்ட மட்டும் முன்கூட்டி சொல்லிடாத, அந்த நேரந்தான் ரொம்ப ஆபத்து.

வார்த்தை வரலன்னு கவலைப்படாத. இவ்வளவு அடிபட்ட மனசு மரத்துதான் போகும். பேசத் தெரியாதப்ப ஆவியானவரே பெருமூச்சோட நமக்காக வேண்டுறாருன்னு ரோமர் எட்டுல இருக்கே, சும்மா உக்காந்திரு, அது போதும். பாப்பாட்ட பெல்ட்ட ஒளிச்சதுக்கு திட்டாத, அது உன் வேலை இல்லம்மா, அம்மா பாத்துக்குறேன்னு சொல்லு. ஆஸ்பத்திரி போயிட்டு வந்து எனக்கு எழுது.