மேடை முதல் கேமரா வரை: சுங்கை சிப்புட் நாடகக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் கோயில் திருவிழா, பொங்கல், பள்ளி விழா என்று நாடகம் போடுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே பொருளில் வந்தவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

மாஸ்டர், ரெண்டு நாள் ஒத்திகைக்கே தொண்டை கட்டிக்கொள்கிறது. நாடகத்தன்று குரலே எழும்பாது. இஞ்சி, மிளகு, பனங்கற்கண்டு எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன்.

தம்பி, கோளாறு தொண்டையில் இல்லை, மூச்சில் இருக்கிறது. நெஞ்சுக்கு மேலே மூச்சை இழுத்துக்கொண்டு கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினால் குரல்நாண்கள் பலமாக மோதி வீங்கிவிடும். நீங்கள் குடிக்கும் இஞ்சித் தண்ணீர் உணவுக்குழாய் வழியாக இறங்குகிறது, குரல்நாணைத் தொடுவதே இல்லை. தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். குரல்நாணுக்கு ஈரம் உடம்பு வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். அதனால் நாடகத்தன்று காலையில் பசியாறும்போதே தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். மேடை ஏறும் நேரத்தில் ஒரு போத்தலைக் கவிழ்ப்பதில் பயனில்லை.

பயிற்சி இதுதான். மல்லாந்து படுத்து வயிற்றின்மேல் ஒரு புத்தகத்தை வையுங்கள். மூச்சை இழுக்கும்போது புத்தகம் எழ வேண்டும், தோள் அசையக்கூடாது. அது பழகியதும் எழுந்து நின்று ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரே சீராகக் காற்றை விடுங்கள். 15 விநாடியில் தொடங்கி 30 விநாடி வரை கொண்டுபோங்கள். பிறகு வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று ஐந்து நிமிடம். உதடும் மூக்கும் அதிர்வது தெரிய வேண்டும். அதற்கப்புறம்தான் வசனம். தினமும் கால் மணி நேரம், குறைந்தது ஆறு வாரம் செய்யுங்கள். திருவிழாவுக்கு முந்தின வாரம் மட்டும் செய்தால் உடம்பு மேடையில் பழைய பழக்கத்துக்கே திரும்பிவிடும்.

குரல் கம்மிவிட்டால் கிசுகிசுத்துப் பேசாதீர்கள், அதுவும் பாரம்தான். பேசாமல் இருங்கள். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எங்கள் தோட்ட மண்டபம் தகரக் கூரை. பின் வரிசைக்கு வசனம் புரிவதில்லை. சவுண்டைக் கூட்டினால் மைக் கூவுகிறது.

கூவுவதற்குக் காரணம், ஒலிபெருக்கியின் சத்தம் மறுபடி மைக்குக்குள் போவது. ஒலிபெருக்கிகளை மேடை விளிம்புக்கு முன்னால், மக்களைப் பார்த்து வையுங்கள். மைக்குகள் அவற்றுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். மேடை முன்பக்கம் ஏழெட்டு மைக் நிறுத்துவது பல குழுக்களில் பழக்கமாகிவிட்டது. திறந்திருக்கும் மைக் கூடக் கூட, கூவலும் கூடும். நடிகரிடமிருந்து மைக் ஒரு மீட்டர் தள்ளியிருந்தால், அடுத்த மைக் அதிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளியிருக்கட்டும். சாதாரண மேடைக்கு மூன்று போதும். தரையில் வைக்கும் மைக்குக்கு அடியில் தடித்த நுரைப்பஞ்சு போடாவிட்டால் வசனத்தைவிட காலடிச் சத்தம்தான் கேட்கும்.

அடுத்தது நடிகரின் வேலை. தகரக் கூரை எதிரொலிக்கும். வேகமாகப் பேசினால் முன் சொல்லின் எதிரொலி பின் சொல்லை விழுங்கிவிடும். உரக்கப் பேசுவதைவிட நிறுத்திப் பேசுவதுதான் காப்பாற்றும். தமிழில் வினைமுற்று வாக்கியக் கடைசியில் வருகிறது. ‘வந்தானா, வந்தாளா, வரமாட்டானா’ என்பதெல்லாம் அந்தக் கடைசி அசையில்தான் இருக்கிறது. நம் ஆட்கள் அங்கேதான் மூச்சு தீர்ந்து குரலை இறக்குகிறார்கள். மழை வந்தால் என்ன செய்வது என்று முன்பே பேசி வையுங்கள்: கூரையில் மழை கொட்டினால் காட்சியை அப்படியே நிறுத்தி, தவில் நாதஸ்வரமோ பாட்டோ போட்டுவிட்டு, ஓய்ந்ததும் அந்தக் காட்சியின் தொடக்கத்திலிருந்து எடுங்கள்.

வசனம் மறந்துவிடுகிறது. வேலை முடிந்து வந்து படிக்க ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது.

முதல் மூன்று நாள் உணர்ச்சியே இல்லாமல் மனப்பாடம் செய்யுங்கள். ஏற்ற இறக்கத்தோடு படித்தால் ராகம்தான் மனத்தில் பதியும். எதிராளி வேறு மாதிரிப் பேசிவிட்டால் ராகம் உடைந்து வசனமும் போய்விடும். உங்கள் வசனத்துக்கு முன்னால் எதிராளி சொல்லும் கடைசி மூன்று சொல்லையும் கையால் எழுதிப் படியுங்கள். ஒரு மணி நேரத்தையும் ஒரேயடியாக உட்காராமல், இரவு முப்பது நிமிடம், காலையில் முப்பது நிமிடம் என்று பிரியுங்கள். கடைசியில், பாத்திரம் கழுவிக்கொண்டே இரட்டை வேகத்தில் தடங்கலில்லாமல் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் மேடையில் நிற்கும்.

ஒட்டு மீசை பாதி நாடகத்தில் தொங்கிவிடுகிறது.

வியர்வையும் எண்ணெயும்தான் காரணம். முகத்தைக் கழுவித் துடைத்து, ஐஸ் சுற்றிய துணியால் மேலுதட்டை இரண்டு நிமிடம் ஒற்றுங்கள். மீசை வரும் இடத்தில் பவுண்டேஷன் பூசக்கூடாது. மேக்கப் கடையில் விற்கும் ஸ்பிரிட் கம் என்ற பசையை மெல்லிய பூச்சாகத் தடவி, விரலில் ஒட்டிப் பிசுபிசுக்கும் வரை அரை நிமிடம் காத்திருந்து பிறகு அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதால்தான் நழுவுகிறது. முந்தின நாளே முழங்கை மடிப்பில் ஒரு துளி தடவிச் சோதித்துக்கொள்ளுங்கள். அரித்தால் அந்தப் பசை உங்களுக்கு ஆகாது. கழற்றும்போது பிய்க்காதீர்கள், தேங்காயெண்ணெய் தடவி ஊறவிடுங்கள்.

அண்ணே, டிவி நாடகத் தேர்வுக்குப் போனேன். ‘மேடை நடிப்பு வேண்டாம்’ என்று அனுப்பிவிட்டார்கள். சிவாஜி மேடையிலிருந்து வந்தவர்தானே?

ஆமாம் தம்பி. அந்த மேடையில் அவர் என்ன செய்தார் என்று பார்த்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிடும். வி.சி.கணேசன் சின்ன வயதிலேயே சிறுவர்களே நடிக்கும் நாடகக் குழுவான பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தவர். அங்கே பெண் வேடமும் போட்டார், கிடைத்த வேடமெல்லாம் போட்டார். அண்ணாவின் நாடகத்தில் மராட்டிய சிவாஜியாக நடித்ததைப் பார்த்துப் பெரியார் கொடுத்த பெயர்தான் ‘சிவாஜி’. 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’ வந்தபோது அவருக்கு வயது இருபத்து நான்குதான், ஆனால் மேடையில் பல ஆண்டு ஊறியவர். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ முதலில் மேடை நாடகம், 1959இல்தான் படம். அந்த நடிப்புக்குத்தான் 1960இல் கெய்ரோவில் ஆசிய-ஆப்பிரிக்கப் பட விழாவில் சிறந்த நடிகர் விருது. ‘வியட்நாம் வீடு’ நாடகமும் அப்படித்தான், 1970இல் படமானது.

இப்போது கட்டபொம்மனைப் பார்த்துவிட்டு, அதே கையோடு ‘முதல் மரியாதை’யையும் (1985) ‘தேவர் மக’னையும் (1992) பாருங்கள். ஆள் ஒருவர்தான், அளவு வேறு. பிந்தைய இரண்டிலும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் இடங்களைக் கவனியுங்கள்: எதிராளி பேசும்போது அவர் கண்ணில் எண்ணம் ஓடுகிறது. உள்ளே நடப்பதை அவர் குறைக்கவே இல்லை, வெளியே விடும் வழியை மட்டும் சுருக்கினார். ‘நடிக்காதே, சும்மா இரு’ என்று கேமராவுக்குப் பாடம் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். சும்மா இருந்தால் திரையில் வெறும் முகம்தான் தெரியும்.

பத்து வரி வசனம் ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்று தூரத்துக்குப் பேசிப் பாருங்கள்: 20 மீட்டரில் கடைசி வரிசைக்கு, 3 மீட்டரில் எதிர் நாற்காலிக்கு, ஒரு கை தூரத்தில் இருப்பவருக்கு. கோபமோ துக்கமோ மூன்றிலும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும். மூன்றாவதைக் கைப்பேசியில் நெஞ்சுக்கு மேல் தெரிய எடுங்கள். முதலில் சத்தத்தை அணைத்துப் பாருங்கள்: சொல்லுக்குச் சொல் புருவம் ஏறுகிறதா, தலை ஆடுகிறதா, எதிரே ஆள் இருக்கும்போதே, அங்கே இல்லாத கூட்டத்தின் பக்கம் முகம் திரும்புகிறதா? பிறகு படத்தைப் பார்க்காமல் கேளுங்கள்: கைதட்டலுக்கு நிற்பது போல வரி முடிவில் இடைவெளி விழுகிறதா? மேடையில் இவை தேவை. தேர்வு நடத்துகிறவர்கள் ‘மேடை நடிப்பு’ என்று சொல்வது இவற்றைத்தான்.

படப்பிடிப்பில் இன்னும் இரண்டு இடத்தில் மேடைக்காரர்கள் சறுக்குவார்கள். ஒன்று, தொடர்ச்சி. தேநீர்க் கோப்பையை எந்தச் சொல்லில் எடுத்தீர்களோ, ஒவ்வொரு முறையும் அதே சொல்லில் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டி ஒட்ட முடியாது. உங்கள் நல்ல காட்சி குப்பைக்குப் போகும். இன்னொன்று, வரிசை. சாவு வீட்டுக் காட்சியைக் காலையில் எடுத்துவிட்டுக் கல்யாணக் காட்சியை மாலையில் எடுப்பார்கள். காட்சி எண், அதற்கு முன் கதையில் நடந்தது, கதையில் எந்த நேரம், உணர்ச்சி பத்துக்கு எத்தனை என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பெரும்பாலும் முழுக் காட்சியை அகலமாக எடுத்துவிட்டுக் கடைசியில்தான் முகத்துக்கு அருகே வருவார்கள். கண்ணீரை முதலிலேயே செலவழித்துவிடாதீர்கள்.

மாஸ்டர், நான் இடைநிலைப் பள்ளியில் படிவம் ஐந்து படிக்கிறேன். நடிக்க ஆசை. பெண்பிள்ளைக்கு வேண்டாம் என்கிறார் அம்மா.

தங்கச்சி, மனோரமா பள்ளத்தூரில் ஏழ்மையில் வளர்ந்து நாடக மேடையிலிருந்து வந்தவர். 1958இல் ‘மாலையிட்ட மங்கை’யில் நகைச்சுவை வேடத்தில் தொடங்கி ஆயிரம் படங்களைத் தாண்டினார். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். அம்மாவின் பயமும் நியாயமானது, அதற்கு மதிப்புக் கொடுங்கள். பதினெட்டு வயது வரை பெற்றோர் ஒருவர் இல்லாமல் எந்தத் தேர்வுக்கும் படப்பிடிப்புக்கும் போகாதீர்கள். தேர்வு, ஓர் அலுவலகத்திலோ மண்டபத்திலோ பகலில்தான் நடக்க வேண்டும், ஹோட்டல் அறையில் அல்ல. வாய்ப்புத் தருகிறேன், பதிவுக் கட்டணம் கட்டு என்று கேட்பவர் ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) கேட்டாலும் ஏமாற்றுக்காரர்தான். நடிகருக்குத்தான் சம்பளம் தருவார்கள்.

தோட்டத்துப் பேச்சு வழக்கு இருக்கிறதே என்றும் எழுதியிருந்தீர்கள். அதைத் தொலைத்துவிடாதீர்கள். மலேசியாவின் தமிழ்ப் படமான ‘ஜகாட்’ நம் மக்களின் பேச்சிலேயே எடுக்கப்பட்டு, 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதை வாங்கியது. ழ, ள, ல மூன்றும் தனித்தனியாக ஒலிக்கப் பழகுங்கள். மற்றது சொத்து.

கோலாலம்பூருக்குப் போக வர ஒரு நாள் வேலை போய்விடும். கைப்பேசியில் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள், எப்படி எடுப்பது?

வெற்றுச் சுவருக்கு ஓர் அடி முன்னால், சன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி நில்லுங்கள். சன்னலை முதுகுக்குப் பின்னால் விட்டால் முகம் இருட்டாகும். கைப்பேசியைப் படுக்கை வாட்டில், கண் உயரத்தில், முக்காலியில் வையுங்கள். பெயர், வயது, உயரம், ஊர் சொல்லி, இரண்டு பக்க முகமும் முழு உருவமும் காட்டி, ஒரு நிமிடக் காட்சி ஒன்று. எதிர் வசனம் படிப்பவர் கேமராவை ஒட்டி நின்று தணிந்த குரலில் படிக்கட்டும். நீங்கள் அவரைப் பாருங்கள், கேமராவை அல்ல. மின்விசிறியை அணைத்துவிடுங்கள். பின்னணி இசை சேர்க்காதீர்கள்.

சம்பளம் பேசும்போது எதையெல்லாம் கேட்க வேண்டும், ஐயா?

எத்தனை நாள், ஒரு நாளுக்கு எத்தனை மணி நேரம், நேரம் தாண்டினால் எவ்வளவு, போக்குவரத்தும் சாப்பாடும் யார் பொறுப்பு, பணம் எந்தத் தேதியில், பெயர் திரையில் வருமா. இவற்றை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். ‘ஒளிபரப்பான பிறகு பணம்’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒளிபரப்புத் தேதி உங்கள் கையில் இல்லை. கடைசிப் படப்பிடிப்பு நாளிலிருந்து 30 நாள் என்று கேளுங்கள். சொந்தத் தொழிலாக நடித்து வரும் வருமானத்துக்கு வரிக் கணக்குக் காட்டுவது பி படிவத்தில், அதன் கெடு ஜூன் 30. பெட்ரோல், மேக்கப், உடை ரசீதுகளை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

நடிப்பு வருமானம் மட்டும் ஓர் ஆண்டு வீட்டுச் செலவைத் தாங்கும் வரை இருக்கும் வேலையை விடாதீர்கள். வேலையை விட்டவர் சமையல் எண்ணெய்க்காக எந்த வேடத்துக்கும் தலையாட்ட வேண்டி வரும். சம்பளம் இருப்பவர்தான் நல்ல வேடத்துக்குக் காத்திருக்க முடியும்.