பத்திரிகைக்கு எந்தத் தாள்?

கேள்வி: கல்யாணப் பத்திரிகைக்கு ஜிஎஸ்எம் அதிகமான தாளாக எடுத்தால் போதுமா?

பதில்: போதாது. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். தடிமன் இல்லை, அதனால் ஒரே 300 ஜிஎஸ்எம்மில் பளபளப்பான பூச்சுள்ள ஆர்ட் கார்டு மெல்லிசாகவும் பூச்சில்லாத தாள் தடியாகவும் இருக்கும், கையில் தொட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒற்றை அட்டைக்கு 300 சரி, மடிப்பதென்றால் 250 போதும். மடிப்பு தாளின் நார் ஓடும் திசையிலேயே வரட்டும், மடிக்கும் முன் அந்த இடத்தில் கிரீஸ் (crease), அதாவது அழுத்திய மடிப்புக் கோடு, போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் அடர்நிற மை மடிப்பில் வெடித்து வெள்ளை தெரியும், ஆசையாக அடித்த பத்திரிகையில் அதைப் பார்க்கவே மனசு கஷ்டப்படும். அப்புறம், பெயரைப் பேனாவால் எழுதுவீர்கள் என்றால் உறைக்குப் பளபளப்புத் தாள் வேண்டவே வேண்டாம், மை சீக்கிரம் காயாமல் இழுபடும்.