பள்ளியின் வெல்ஷ் மொழிக் கொள்கையைப் புதுப்பிக்கும்போது

கேள்வி: வட வேல்ஸில் உள்ள ஓர் ஆரம்பப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் பெற்றோர் பிரதிநிதியாக இருக்கிறேன். எங்கள் பகுதி கவுன்சில் மொழிக் கொள்கையை மாற்றி எழுதுவதால், பள்ளியின் பழைய இரண்டு பக்கக் கொள்கையையும் புதுப்பிக்க வேண்டும் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? வீட்டில் வெல்ஷ் பேசாத என் மகளைப் போன்ற குழந்தைகள் இதனால் பின்தங்கிவிட மாட்டார்களா?

பதில்: எது உங்கள் குழுவின் கையில் இருக்கிறது, எது இல்லை என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பள்ளியின் பயிற்றுமொழியைக் குறிப்பிடத்தக்க அளவுக்கு மாற்றுவதை ஒரு குழுக் கூட்டத்தில் கைதூக்கித் தீர்மானித்துவிட முடியாது. வேல்ஸ் பள்ளிகளின் தரத்தையும் அமைப்பையும் பற்றிய 2013ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்கீழ் வந்த பள்ளி அமைப்பு விதித்தொகுப்பும் சொல்லும் வழியில்தான் அது நடக்க வேண்டும்: கருத்துக்கேட்புக்குக் குறைந்தது 42 நாள், அவற்றில் 20 பள்ளி நாட்கள், முறையான அறிவிப்பு வெளியானபின் ஆட்சேபம் தெரிவிக்க 28 நாள். ஆனால், பள்ளி இப்போது எந்த வகையில் இருக்கிறதோ அந்த வகைக்குள் வெல்ஷ் எங்கே, எப்போது, யாரால் பேசப்படும் என்பதை எழுதுவது உங்கள் வேலை. பெரும்பாலான பள்ளிகளில் தொய்வு ஏற்படுவதும் இந்த இடத்தில்தான்.

அடுத்து, கவுன்சிலின் ஆவணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேல்ஸின் ஒவ்வொரு கவுன்சிலுக்கும் 2022 செப்டம்பரில் தொடங்கிய பத்தாண்டு வெல்ஷ் கல்வித் திட்டம் இருக்கிறது. அதற்கு மேல், 2025இல் நிறைவேறிய வெல்ஷ் மொழி மற்றும் கல்விச் சட்டம், பள்ளிகளை முதன்மையாக வெல்ஷ், இருமொழி, முதன்மையாக ஆங்கிலமும் ஓரளவு வெல்ஷும் என மூன்று வகையாகப் பிரிக்கிறது. மூன்றாம் வகையிலும் குறைந்தது 10 விழுக்காடு கல்வி வெல்ஷில் அமைய வேண்டும் என்பதோடு, ஒவ்வொரு பள்ளியும் தன் செயல்திட்டத்தை எழுதிக் கவுன்சிலின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்றும் சொல்கிறது. இவை படிப்படியாக நடைமுறைக்கு வருபவை என்பதால், இப்போது நீங்கள் எழுதும் கொள்கையை அந்தச் செயல்திட்டத்தின் முதல் வரைவாகவே கருதி எழுதினால் வேலை இரட்டிப்பாகாது.

இனி உங்கள் பழைய ஆவணத்துக்கு வருவோம். இத்தகைய ஆவணங்களில் ‘பள்ளியில் இயன்றவரை இருமொழிச் சூழல் பேணப்படும்’ என்பது போன்ற ஒரு வரி இருக்கும். உங்களுடையதிலும் இருந்தால் அதை அடித்துவிடுங்கள். ‘இயன்றவரை’ என்றால் யாருக்கு இயன்றவரை? ‘இருமொழி’ என்பது பாதிக்குப் பாதியா, வாரம் ஒரு பாடவேளையா? இரு மொழிகளில் ஒன்று தெருவிலும் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் நிறைந்திருக்கும்போது, அளவு குறிக்காத இருமொழிக் கொள்கை அந்த மொழிக்கே இடம் கொடுத்துவிடும். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மூன்று வயதுக்கு மேற்பட்டோரில் 17.8 விழுக்காட்டினரே வெல்ஷ் பேசுவதாகப் பதிவானது. 2011இல் அது 19 விழுக்காடு. அந்தச் சரிவு முக்கியமாக 3 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளிடம் ஏற்பட்டது என்பதை நினைக்கும்போது, பள்ளிக் கொள்கையின் ஒவ்வொரு சொல்லிலும் நாம் ஏன் இவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பது விளங்கும்.

அந்த வரிக்குப் பதிலாக எண்ணிப் பார்க்கக்கூடியதை எழுதுங்கள். ‘காலைக் கூட்டம், வருகைப் பதிவு, உணவுக்கூட அறிவிப்பு ஆகியவை வெல்ஷில் நடைபெறும்; ஏழு வயதுக்குட்பட்ட வகுப்புகளில் ஆசிரியர் குழந்தைகளிடம் வெல்ஷிலேயே பேசுவார்; புதன்கிழமை விளையாட்டுக் குழு வெல்ஷில் இயங்கும்’ என்பது போல. 2021 டிசம்பரில் வெளியான அரசு வழிகாட்டுதலும், வெல்ஷ் வழி ஆரம்பப் பள்ளியில் ஏழு வயதுக்கு மேற்பட்டோருக்குப் பள்ளிச் செயல்பாடுகளில் குறைந்தது 80 விழுக்காடு வெல்ஷில் அமைய வேண்டும் என்று கூறும்போது, வகுப்பறைக்கு வெளியே நடப்பவற்றையும் சேர்த்தே கணக்கிடுகிறது. வகுப்பில் அழகாக வெல்ஷில் விடை சொல்லும் பிள்ளைகள் மணியடித்துக் கதவைத் தாண்டியதும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவதை எந்தப் பள்ளியிலும் கண்ணால் பார்க்கலாம். வடமேற்கு வேல்ஸின் குவினெத் பகுதியில் பிறந்து நாடெங்கும் பரவிய மொழிச் சாசனத் திட்டம் இந்த இடைவெளியைக் குறிவைத்தே உருவானது. உங்கள் பள்ளி அதில் எந்த நிலையில் இருக்கிறது என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். ஆங்கிலம் பேசியதற்காகக் குழந்தையைக் கண்டிக்கும் எந்த வரியும் கொள்கையில் வரக் கூடாது. வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டை மாட்டிய 19ஆம் நூற்றாண்டு வழக்கத்தை அனுபவித்த நாடு அது.

உங்கள் மகளைப் பற்றிய கவலை நியாயமானது. வெல்ஷ் வழிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் மிகப் பலர் வெல்ஷ் பேசாத வீடுகளிலிருந்து வருபவர்களே. அவர்களை மனத்தில் வைத்தே மழலையர் வகுப்புகள் நடத்தப்படுகின்றன. நடுவில் வந்து சேரும் பிள்ளைகளுக்கு ‘ட்ரோகி’ வகுப்புகள் உண்டு; தோய்த்தெடுத்தல் என்று பொருள். குவினெத்தில் 1980களிலிருந்தே இதற்கென மையங்கள் இயங்குகின்றன. சில வாரங்கள் மொழியை மட்டும் தீவிரமாகக் கற்றபின் பிள்ளை தன் பள்ளிக்குத் திரும்பும். ஆகவே உங்கள் கொள்கையில் மூன்று செய்திகள் கட்டாயம் இருக்கட்டும்: புதிதாகச் சேரும் பிள்ளை எந்த வாரத்துக்குள் அந்த மையத்துக்குப் பரிந்துரைக்கப்படும், திரும்பி வந்தபின் வகுப்பில் யார் துணை நிற்பார், வீட்டுப்பாடக் குறிப்பு பெற்றோருக்கு எந்த மொழிகளில் வரும். இம்மூன்றையும் வரைவில் சேர்க்கச் சொல்லிக் கேட்க உங்களைவிடப் பொருத்தமானவர் அந்தக் குழுவில் இல்லை.